கண்புரை ஆபரேஷனும் கிருமித் தொற்றும்: கொடுக்கிறவர்கள் அறிய வேண்டிய பாடம்



கண் மருத்துவ ஊழியத்துக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கையின் பயனைத் தெரிவிக்கும்போது, எத்தனை பேருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது என்ற எண்ணிக்கையைத்தான் எல்லா மருத்துவமனைகளும் முதலில் எழுதும். அது மகிழ்ச்சியான எண்ணிக்கையே. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணிக்கையும் இருக்க வேண்டும். ஆபரேஷன் ஆன கண்களில் எத்தனை கண்களுக்குள் கிருமி புகுந்தது என்பதே அது. இந்த இதழின் பாடம் அந்த இரண்டாவது எண்ணிக்கையைப் பற்றியது.

கண்புரை என்றால் என்ன?

கண்மணிக்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு லென்ஸ் இருக்கிறது. வயது ஏற ஏற அது மங்கி, அழுக்கேறிய கண்ணாடி போல ஆகிவிடுகிறது. இதுவே கண்புரை. சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ இது கரையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைப்பது ஒன்றே வழி. இப்படிக் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையை 1949இல் லண்டனில் டாக்டர் ஹரோல்டு ரிட்லி தொடங்கினார். இன்று இது அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஆபரேஷன். பெரும்பாலோர் மறுநாளே கட்டை அவிழ்த்துப் பார்க்கிறார்கள்.

"புரை நன்றாகப் பழுக்கட்டும்" என்று இன்றும் பலர் காத்திருக்கிறார்கள். அது தவறு. முற்றிய புரை கல் போல இறுகிவிடும். அதை எடுக்கும்போது லென்ஸைச் சுற்றியுள்ள மெல்லிய பை கிழிய வாய்ப்பு அதிகம். பை கிழிந்த கண்ணில் தொற்று வரும் ஆபத்தும் பல மடங்கு கூடுகிறது.

தொற்று ஏன் இவ்வளவு கொடியது?

கையிலோ காலிலோ புண் பழுத்தால் இரத்தம் வழியாக உடலின் எதிர்ப்புச் சக்தி அங்கே ஓடி வருகிறது. கண்ணின் உட்பகுதியில் நிறைந்திருக்கும் தெளிந்த கூழில் இரத்தக் குழாய்களே இல்லை. உள்ளே நுழைந்த கிருமி தடையின்றிப் பெருகும். ஓரிரு நாளில் விழித்திரை கெட்டுப்போகலாம். மருத்துவர்கள் இதை எண்டாப்தால்மைட்டிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் ஆன ஒரு வாரத்துக்குள், சில வேளை அதற்குப் பிறகும், இது வரும்.

நன்றாக நடக்கும் மருத்துவமனைகளில் ஆயிரம் கண்களில் ஒன்றுக்கு அல்லது அதற்கும் குறைவாகவே இப்படி நேர்கிறது. ஆயிரத்தில் ஒன்று சிறிய எண்ணிக்கைதானே என்று தோன்றலாம். அந்த ஒருவருக்கு மற்றக் கண் ஏற்கெனவே பார்வையற்றதாக இருந்தால் என்ன செய்வார்? நம் ஏழை நோயாளிகள் பலர் இரண்டு கண்களும் மங்கிய பிறகே வருகிறார்கள். ஒரு கிராமத்தில் ஒருவருடைய கண் போய்விட்டால், அந்தத் தெருவில் இன்னும் பத்துப் பேர் ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

1986இல் உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா நகரில் நடந்த ஒரு கண் முகாமை நம் நாடு மறக்கவில்லை. அங்கே 88 பேருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அவர்களில் 84 பேருடைய ஆபரேஷன் ஆன கண் தொற்றினால் நிரந்தரமாகக் கெட்டது. அங்கே பயன்படுத்திய உப்புநீரில் கிருமி இருந்திருக்க வேண்டும் என்ற கருத்து எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989இல் தீர்ப்பானது. கூடாரத்திலும் பள்ளிக்கூட அறையிலும் ஆபரேஷன் செய்யும் பழக்கம் காலப்போக்கில் கைவிடப்பட்டது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, நோயாளியை மருத்துவமனைக்கே அழைத்து வருவதுதான் சரியான முறை. முகாம் காணிக்கையில் ஒரு பங்கு பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவாவது இதனால்தான்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி நோயாளியின் சொந்த இமைகளும் இமை மயிர்களுமே. 1991இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தொற்று வந்த 17 பேரில் 14 பேருடைய கண்ணுக்குள் இருந்த கிருமியும் அவர்களுடைய இமை, மூக்கு முதலிய இடங்களில் இருந்த கிருமியும் ஒன்றே என்று தெரிந்தது. இரண்டாவது வழி வெளியிலிருந்து வருவது: சரியாக வேகாத கருவி, கெட்டுப்போன திரவம், அசுத்தமான தண்ணீர். முதல் வழியில் வந்தால் எப்போதோ ஒருவர் பாதிக்கப்படுவார். ஒரே நாளில் ஆபரேஷன் ஆன இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால் இரண்டாவது வழியைத்தான் உடனே சந்தேகிக்க வேண்டும். அப்போது ஆபரேஷன் அறையை மூடி, காரணம் தெரியும் வரை அடுத்த நோயாளியை உள்ளே எடுக்கக் கூடாது.

ஐந்து காவல்கள்

1. முன் பரிசோதனை. கீழிமையின் மூக்கோரத்திலிருந்து கண்ணீர் வடியும் சிறு குழாய் அடைத்திருந்தால் அங்கே சீழ் தேங்கும். எனவே அதில் நீர் செலுத்திப் பார்க்கிறார்கள். பீளை, இமை ஓரப் புண், மிகுந்த சர்க்கரை ஆகியவை இருந்தால் முதலில் அவற்றுக்குச் சிகிச்சை. "வந்ததும் ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பினார்களே" என்று சிலர் வருந்துவார்கள். அது அவர்களுடைய கண்ணைக் காக்கவே.

2. அயோடின். ஆபரேஷனுக்கு முன் 5 சதவீத போவிடோன் அயோடின் சொட்டுகளைக் கண்ணில் விட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இது தொற்றைக் குறைக்கிறது என்று 1991இல் நியூயார்க் மருத்துவர்கள் காட்டினார்கள். மிகவும் மலிவான மருந்து இது. அவசரத்தில் அந்தச் சில நிமிடங்களைக் குறைத்துவிடாமல் இருப்பதுதான் கடினம்.

3. ஆட்டோகிளேவ். கருவிகளை அழுத்தமுள்ள நீராவியில் 121 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட சூட்டில், குறித்த நேரம் வைக்க வேண்டும். பெட்டியை நெருக்கி அடைத்தால் உள்ளே காற்று தங்கி, நீராவி எல்லா இடத்திலும் படாது. பொதியின் மேல் ஒட்டிய நாடா நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் பொருள், கிருமி செத்தது என்று பொருள் அல்ல. அதனால் வெப்பத்தை மிகவும் தாங்கும் ஒருவகை நுண்ணுயிர் வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று சோதிக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கருவித் தொகுப்பு வேண்டும். கழுவும்போது சோப்புக் கசடு குழாய்களில் தங்கினாலும் கண் வீங்கிச் சிவக்கும். அது கிருமியால் வருவது அல்ல, இருந்தாலும் கண்ணைக் கெடுக்கும்.

4. திரவங்களின் கணக்கு. எந்த நோயாளிக்கு எந்தத் தொகுதி எண்ணுள்ள திரவம், எந்த லென்ஸ், எந்த மருந்து என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஏதாவது நேர்ந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுவது இந்தப் பதிவேடுதான்.

5. கண்ணுக்குள் மருந்து. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே சிறிது ஆன்டிபயாட்டிக் செலுத்துவது. ஐரோப்பாவில் நடந்து 2007இல் வெளியான பெரிய ஆராய்ச்சி, செஃபுராக்சிம் செலுத்தினால் தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது என்று காட்டியது. அடுத்த பெரிய சான்று நம் அருகிலிருந்தே வந்தது. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளைகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களின் கணக்கை எடுத்து 2017இல் வெளியிட்டார்கள். மாக்சிஃப்ளாக்சசின் செலுத்தாத 3,02,815 கண்களில் 214 கண்களுக்குத் தொற்று. செலுத்திய 3,14,638 கண்களில் 64 கண்களுக்கு மட்டுமே. பத்தாயிரத்துக்கு ஏழு என்பது இரண்டாகக் குறைந்தது. ஒவ்வொரு தொற்றையும் மறைக்காமல் எழுதி வைத்ததால் அல்லவா இந்த உண்மை உலகத்துக்குத் தெரிந்தது!

வீடு திரும்பிய பிறகு

ஆபரேஷன் ஆனவர் உங்கள் வீட்டிலோ சபையிலோ இருந்தால் இவற்றைக் கவனியுங்கள். சொட்டு மருந்து விடுகிறவர் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புட்டியின் நுனி இமையில் படக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. மருத்துவர் சொல்லும் வரை தலைக்குக் குளிக்கக் கூடாது. விறகடுப்புப் புகையிலும் வயல் தூசியிலும் போகக் கூடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் கண்ணில் விடக் கூடாது.

வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, முதலில் தெரிந்த பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் காத்திருக்க வேண்டாம். கண்ணுக்குள் மருந்து ஊசி போட்டுப் பார்வையைக் காப்பாற்ற முடியும். ஆனால் நேரம் தவறினால் முடியாது. பஸ் செலவுக்குப் பணமில்லாமல் இரண்டு நாள் தாமதித்ததால் ஒரு கண் போகக் கூடாது. அந்தச் செலவைச் சபையார் ஏற்றுக்கொள்வது பெரிய உதவி.

கூடிவரும்போது கலந்து பேச

ஆபரேஷனுக்கு என்று கொடுப்பதில் பலருக்கு விருப்பம் உண்டு. ஆட்டோகிளேவ் பழுதுபார்க்கவும், கருவித் தொகுப்பு கூடுதலாக வாங்கவும், கருவி கழுவும் ஊழியருக்குப் பயிற்சி தரவும் கொடுப்பவர் சிலரே. அந்தச் செலவுகளைப் படம் எடுத்துக் காட்ட முடியாது. ஆனால் முதல் எண்ணிக்கையை மெய்யான நன்மையாக்குவது அவைதான். ஆகவே இந்தக் கேள்விகளை உங்கள் குழுவில் பேசுங்கள்.

நாங்கள் தாங்கும் மருத்துவமனை தொற்றின் எண்ணிக்கையையும் எழுதி வைக்கிறதா? ஆபரேஷன் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி நாங்களே அவசரப்படுத்துகிறோமா? நம் தெருவில் ஆபரேஷன் முடிந்து வந்தவரை முதல் வாரத்தில் யார் போய்ப் பார்ப்பது?