சுடர் ஒளியில் ஒரு செய்திப்படம்

நுழையும்முன்

துயரத்தைச் சொற்களால் கூற இயலாதபோது மக்கள் விளக்கேற்றுகின்றனர். கும்பகோணத்தில் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் ஒரு பள்ளியில் நேர்ந்த தீவிபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் பெற்றோர் அவ்விடத்தில் மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றித் தம் பிள்ளைகளை நினைவுகூர்கின்றனர். கொல்கத்தா மாநகரும் 2024இல் ஒரு துயரத்துக்காகச் சுடர் ஏந்தியது. அத்தகைய கூட்டத்தைப் படம்பிடித்து நாளிதழுக்கு அளிக்கும் செய்தி ஒளிப்படக் கலைஞரின் பணி எத்தகையது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விளக்கு அணைந்த நகரம்

2024 ஆகஸ்டு 9ஆம் நாள், கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர், கொடிய வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட செய்தி வெளியாயிற்று. நோயாளிகளைக் காக்கும் இடத்திலேயே ஒரு மருத்துவருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது நாட்டையே உலுக்கியது. ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவில், விடுதலை நாள் பிறக்கும் வேளையில், இரவும் தங்களுக்கு உரியதே என்று கூறிப் பெண்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தனர். யாதவ்பூர், காலேஜ் தெரு, நுண்கலை அகாதெமியின் வாயில் எனப் பல இடங்களில் அவர்கள் கூடினர்.

செப்டம்பர் 4ஆம் நாள் இளநிலை மருத்துவர்கள் மற்றோர் அழைப்பு விடுத்தனர். இரவு 9 மணி முதல் 10 மணி வரை வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏந்தி நீதி கேட்குமாறு அவர்கள் வேண்டினர். மக்கள் அவ்வாறே செய்தனர். வீடுகள் இருண்டன. விக்டோரியா நினைவு மண்டபத்தின் வெண்பளிங்குச் சுவர்களும் அந்த ஒரு மணி நேரம் இருளில் நின்றன. ஆளுநர் மாளிகையின் விளக்குகளும் அணைக்கப்பட்டன. தெருமுனைகளில் சிறு சுடர்கள் மட்டுமே ஒளிர்ந்தன.

செய்தி ஒளிப்படக் கலைஞருக்கு இது கடினமான சோதனையாகும். ஒளிப்படத்துக்கு ஒளி வேண்டும். ஆனால், அன்றைய செய்தியே இருள்தான்.

ஒளியின் கணக்கு

ஒரு மெழுகுவர்த்தி தரும் ஒளி மிகச் சிறியது. ஒளிச்செறிவை அளக்கும் அலகாகிய கேண்டெலா, மெழுகுவர்த்தியின் பெயரைக் கொண்டே உருவானது. ஒரு சாதாரண மெழுகுவர்த்தியின் ஒளிச்செறிவு ஏறத்தாழ ஒரு கேண்டெலா ஆகும். சுடருக்கும் முகத்துக்கும் இடையே உள்ள தொலைவு இருமடங்கானால், முகத்தின்மீது விழும் ஒளி பாதியாகக் குறைவதில்லை; நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கே எஞ்சும்.

இக்குறைந்த ஒளியில் படம்பிடிக்கக் கேமராவில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வில்லையின் துளையை அகலமாகத் திறப்பது. துளை அகன்றால் மிகுந்த ஒளி உள்ளே வரும். ஆனால், ஒரு முகம் மட்டுமே தெளிவாகத் தெரிய, முன்னும் பின்னும் உள்ளவை மங்கிப்போகும். இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிப்பது. அவ்வாறு நீட்டித்தால் கை சற்று அசைந்தாலும் படம் கலைந்துவிடும். மூன்றாவது, ஒளியுணர்வை மிகுவிப்பது. இதனை ஐஎஸ்ஓ என்னும் எண்ணால் குறிப்பர். அந்த எண் கூடக்கூடப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்.

சுடருக்கு ஓர் அடி தொலைவில் உள்ள முகத்தைப் படம்பிடிக்க, ஐஎஸ்ஓ 3200, துளை எஃப்/2, நேரம் நொடியில் 30இல் ஒரு பங்கு என்னும் அளவுகள் ஏறத்தாழப் பொருந்தும். ஓடுகின்ற ஒருவரை இந்நேரத்தில் தெளிவாகப் படம்பிடிக்க இயலாது. அமைதியாக நிற்பவரைப் பிடிக்கலாம். துயர்ப்படுவோர் அசையாது நிற்கின்றனர் என்பதாலேயே அப்படம் அமைகிறது.

சேர்க்கக் கூடாத வெளிச்சம்

இவ்வளவு தொல்லை எதற்கு, பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாமே என்று தோன்றலாம். பிளாஷ் ஒளிர்ந்தால் முகங்கள் தெளிவாகத் தெரியும். ஆனால், அதன் வெண்ணொளியில் சுடர் வெளிறிப்போகும். மெழுகுவர்த்தியின் செம்பொன் நிறம் மறையும். கூட்டத்தைச் சூழ்ந்திருந்த இருளும் மறைந்துவிடும். அவ்விடத்தில் நின்றவர்கள் கண்ட காட்சியைப் படம் காட்டாது. அங்கே இல்லாத ஒரு வெளிச்சத்தையே காட்டும். மேலும், கண்மூடி நிற்கும் ஒருவரின் முகத்தில் திடீரென வெளிச்சம் பாய்வது அவரது துயரத்துக்குள் கதவைத் தட்டாமல் நுழைவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, தேர்ந்த கலைஞர் பிளாஷை அணைத்துவிடுகிறார். பல கேமராக்களில் ஓசையின்றி இயங்கும் ஷட்டரும் உண்டு. மௌன அஞ்சலியின்போது அவர் அதனையே பயன்படுத்துகிறார். படத்துக்கு உண்மையாக இருப்பதும் மனிதருக்குப் பணிவாக இருப்பதும் இங்கே ஒரே செயலாக அமைகின்றன.

காத்திருத்தல்

முகத்தில் ஒளி மிகுவதற்குக் கேமரா நெருங்க வேண்டியதில்லை. சுடர்தான் முகத்தை நெருங்க வேண்டும். எனவே, கலைஞர் ஓரிடத்தில் நின்று காத்திருக்கிறார். காற்றில் அணையவிருக்கும் சுடரை ஒருவர் உள்ளங்கையால் மறைக்கும்போது, அக்கை ஒளியை அவர் முகத்தின்பால் திருப்புகிறது. ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து மற்றொன்றைப் பற்றவைக்கும்போது இரு முகங்கள் குனிகின்றன. இரு சுடர்கள் சேர்கின்றன. அந்த ஒரு நொடியில் ஒளி போதுமானதாகிறது. ஒருவர் மற்றொருவருடன் துயரத்தைப் பகிர்ந்துகொள்வதும் அந்நொடியில் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்நொடியைத் தவறவிட்டால், 'இன்னொருமுறை ஏற்றுங்கள்' என்று அவர் கேட்பதில்லை. கேட்டுப் பெற்ற படம் செய்தி ஆகாது; அது நடிப்பு ஆகிவிடும். யாரேனும் கையை உயர்த்தி முகத்தை மறைத்தால், அவர் கேமராவைத் தாழ்த்திக்கொள்கிறார்.

காட்டுவதும் காட்டாமையும்

செய்தி ஒளிப்படத்தின் வலிமையைக் கொல்கத்தா நெடுங்காலமாக அறியும். 1943இல் வங்காளத்தில் கடும் பஞ்சம் நிலவியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். அது இரண்டாம் உலகப்போர்க் காலமாதலால் செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. அந்நிலையில், 1943 ஆகஸ்டு 22ஆம் நாள் கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ், தெருவில் பசியால் வாடியோரின் படங்களை வெளியிட்டது. அப்போது அதன் ஆசிரியராக இருந்தவர் இயான் ஸ்டீஃபன்ஸ். அதே காலத்தில் சுனில் ஜானா என்னும் இளைஞர் ஊர் ஊராகச் சென்று பஞ்சத்தைப் படம்பிடித்தார். மறைக்கப்பட்ட துயரம் அப்படங்களால் உலகின் கண்முன் வந்தது. அன்று முகங்களைக் காட்டுவதே கடமையாக இருந்தது.

2024இல் கடமை வேறாக இருந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுதல் இந்தியச் சட்டப்படி குற்றமாகும். அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு, அக்குற்றத்துக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. இருந்தபோதிலும், இறந்த மருத்துவரின் பெயரும் படங்களும் சமூக ஊடகங்களில் பரவின. ஆகஸ்டு 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்குமாறு ஆணையிட்டது. இறந்த பின்னரும் ஒருவருக்கு மதிப்பும் தனிமையும் உண்டு என்பதே இதன் பொருள்.

அவ்வாறாயின், பெயரும் முகமும் இன்றி ஒருவருக்கான துயரத்தை எவ்வாறு காட்டுவது? சுடரேந்திய மக்களின் படங்களே அதற்கு விடையாயின. மூதாட்டியின் கையில் ஒரு சுடர், மாணவியின் கையில் ஒரு சுடர், வெள்ளை அங்கி அணிந்த மருத்துவரின் கையில் ஒரு சுடர். இறந்தவரைக் காட்டாமலேயே, அவருக்காக எத்தனை பேர் நின்றனர் என்பதை அவை காட்டின.

படத்தின் கீழ் இரண்டு வரி

படம் எடுத்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. எங்கே, எப்போது, எதற்காக மக்கள் கூடினர் என்பதை இரண்டு வரிகளில் எழுத வேண்டும். மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டங்கள் எல்லா ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். இடமும் நாளும் குறிக்கப்படாத படத்தை வேறொரு நிகழ்ச்சியின் படமென எவரும் பரப்பிவிடலாம். எண்ணிப் பார்க்காத கூட்டத்துக்கு எண்ணிக்கை கூறுதலும் தவறு. கணினியில் படத்தைச் சற்று வெளிச்சமாக்கலாம்; ஆனால், இல்லாத சுடரைச் சேர்த்தலோ இருந்த மனிதரை நீக்கலோ கூடாது.

2025 ஜனவரியில் கொல்கத்தா நீதிமன்றம் அவ்வழக்கில் ஒருவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து, வாழ்நாள் சிறைத்தண்டனை விதித்தது. மெழுகுவர்த்திகள் ஒரு மணி நேரத்தில் உருகிவிட்டன. ஒரு நகரம் தன் விளக்குகளைத் தானே அணைத்து நீதி கேட்டது என்பதற்கு அன்றைய படங்கள் சான்றாக நிற்கின்றன. இருளை இருளாகவே காட்டியதனால்தான் அச்சுடர்கள் அவற்றில் ஒளிர்கின்றன.

சொல்லும் பொருளும்

அஞ்சலி - இறந்தோர்க்குச் செலுத்தும் வணக்கம்
வில்லை - ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
ஷட்டர் - கேமராவினுள் ஒளி செல்லும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை
தணிக்கை - வெளியிடும் முன் அரசு ஆராய்ந்து தடுத்தல்
பஞ்சம் - உணவு கிடைக்காத கொடிய நிலை
திரள் - கூட்டம்

மதிப்பீடு

அ. பொருத்தமான சொல்லால் நிரப்புக.
1. சுடரிலிருந்து தொலைவு இருமடங்கானால் ஒளி __________ பங்காகக் குறையும்.
2. ஐஎஸ்ஓ எண் கூடினால் படத்தில் __________ தோன்றும்.
3. 1943இல் வங்காளப் பஞ்சத்தை ஊர் ஊராகச் சென்று படம்பிடித்த இளைஞர் __________.

ஆ. பிரித்து எழுதுக.
நள்ளிரவு, வெண்ணொளி, விளக்கேற்றுகின்றனர், உள்ளங்கை

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 2024 செப்டம்பர் 4ஆம் நாள் இரவு கொல்கத்தா மக்கள் செய்தது என்ன?
2. மெழுகுவர்த்தி அஞ்சலியில் பிளாஷ் விளக்கைத் தவிர்ப்பதற்கான இரு காரணங்கள் யாவை?
3. படத்தின் கீழ் இடமும் நாளும் குறிக்க வேண்டியது ஏன்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1943இல் முகங்களைக் காட்டியதும், 2024இல் முகத்தைக் காட்டாமல் விட்டதும் இரண்டுமே கடமை எனப் பாடம் கூறுகிறது. இக்கருத்தை உம் சொற்களில் விளக்குக.

உ. செயல்பாடு
வீட்டிலுள்ள பெரியோரின் துணையுடன் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அறையின் விளக்கை அணைக்கவும். ஒரு புத்தகத்தைச் சுடருக்கு ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி தொலைவுகளில் வைத்துப் படித்துப் பார்க்கவும். கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.