குளிர்காலம் மட்டும் தருகிறவை

ஒட்டாவா,
மார்கழி

அன்பு மகளுக்கு,

போன கிழமை கதைத்தபோது நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "வேலை, பஸ், பேஸ்மன்ற், போன். வேறொன்றும் இல்லை, பெரியம்மா. ஏப்ரல் வந்தால்தான் எனக்கு உயிர் வரும்" என்றாய். ஏப்ரலுக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் இப்படி நாலு மாதத்தைக் கழித்துவிட வேண்டிய நாட்களாக வைத்தால், இந்த நாட்டில் நீ வாழப்போகும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கணக்கிலேயே வராமல் போய்விடும். அதற்கு நான் விடமாட்டேன். அதனால்தான் போனை வைத்துவிட்டுக் கடதாசி எடுத்தேன்.

ஏதாவது பொழுதுபோக்குப் பழகு என்று எல்லோரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது கொஞ்சம் வேறு. குளிரை மறக்கச் செய்வதைத் தேடாதே. குளிர் இருந்தால் மட்டும் கிடைப்பதைத் தேடு. தொடர் நாடகம் ஆடி மாதத்திலும் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் வெளியில் விழுகிற ஸ்நோ வெறும் இடைஞ்சலாகத்தான் தெரியும். ஸ்நோ விழுந்தால்தான் செய்யலாம் என்று ஒரு வேலை கையில் இருக்கட்டும். விடிய எழும்பியதும் யன்னல் சீலையை நீயே போய் விலக்குவாய்.

முதலில் பறவைகள். உன் அறை யன்னல் நில மட்டத்தில் இருக்கிறது என்று குறைப்பட்டாய். அதுவே உனக்கு வாய்ப்பு. வீட்டுக்காரரிடம் கேட்டு, யன்னலுக்கு நேரே ஒரு சின்னத் தீனிக்கூட்டைத் தொங்கவிடு. கறுப்புச் சூரியகாந்தி விதை போதும். கீழே சிந்தும் கோதை அவ்வப்போது கூட்டிவிடு, இல்லையென்றால் எலி வரும். கூட்டுக்குச் சிக்கடீ வரும். கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், ஏறக்குறைய பதினொரு கிராம் எடை. ஒரு விதையைக் கவ்விக்கொண்டு உடனே பறந்துவிடும். கிளையில் உட்கார்ந்து, விதையைக் காலால் அமத்திப் பிடித்து, கொத்திக் கொத்தி உடைக்கும். சிலவற்றைப் பட்டை இடுக்கில் ஒளித்துவைத்துவிட்டு அடுத்ததற்கு வரும். இரவில் தன் உடல் சூட்டைப் பத்துப் பாகைக்கு மேல் தானே குறைத்து, பகலில் சேர்த்த கொழுப்பை மிச்சம் பிடித்து உயிர் காக்கிற பறவை அது. அது கத்துவதையும் கவனி. 'சிக்-அ-டீ-டீ' என்கிறதில் கடைசி 'டீ' எவ்வளவு கூடுகிறதோ, பக்கத்தில் இருக்கும் ஆபத்து அவ்வளவு பெரிது.

கூட்டின் கீழே, உன் கண்ணுக்கு நேர் மட்டத்தில், ஜங்கோ பொறுக்கும். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, எழும்பிப் பறக்கும்போது வாலின் இரண்டு கரையும் வெள்ளையாக விரியும். அது வடக்குக் காட்டில் கோடையைக் கழித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வந்த பறவை. ரொறொன்ரோ ஏரிக்கரைக்குப் போனால் நீண்டவால் தாரா கூட்டம் கூட்டமாக மிதக்கும். அவை ஆர்க்டிக் கரையிலிருந்து வந்தவை. உனக்கும் எனக்கும் உலகின் குளிர் மூலையாகப்படும் இந்த இடம் அவற்றுக்குத் தெற்கு நாடு! இதை அறிந்த பிறகு ஜனவரி மாத ஏரியை நான் முன்பு மாதிரிப் பார்ப்பதில்லை.

கார் வைத்திருக்கும் சிநேகிதி யாரையாவது கூட்டிக்கொண்டு, பிறிம்லி வீதியின் தெற்கு முனையில் இருக்கும் பிளஃபேர்ஸ் பார்க்குக்கு ஒரு ஞாயிறு மத்தியானம் போ. அங்கே ட்ரம்பெட்டர் அன்னங்கள் நிற்கும். சிலவற்றின் சிறகில் மஞ்சள் தகடும் அதில் இலக்கமும் தெரியும். வேட்டையால் 1886க்குப் பிறகு ஒன்ராறியோவில் இந்த அன்னம் இல்லாமலே போயிருந்தது. 1982இல் ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் மேற்குக் கனடாவிலிருந்து முட்டைகளை வருவித்து, வேறு இன அன்னங்களை வளர்ப்புத் தாயாக்கித் திரும்பவும் தொடங்கினார். இன்று நீ அங்கே பார்ப்பவை அந்த முயற்சியின் வழி வந்தவை. தீனி போடாதே, நின்று பார், இலக்கத்தை எழுதிக்கொள். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் 'மேர்லின்' செயலியைப் போனில் இறக்கினால் பறவையின் குரலைக் கேட்டே பெயர் சொல்லும். காசு இல்லை. அந்தப் போனுக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கட்டும்.

அடுத்தது ஸ்நோ. உனக்கு ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் கறுப்புக் கம்பளித் துண்டொன்றும் பார்சலில் அனுப்புகிறேன். துணியை முதலில் வெளியில் வைத்து நன்றாகக் குளிர விடு. வீட்டுச் சூட்டோடு கொண்டுபோனால் விழுந்ததும் கரைந்துவிடும். மெதுவாக, காற்றில்லாமல் ஸ்நோ விழும்போது துணியை நீட்டிப் பிடி. மூச்சை ஒரு பக்கமாக விடு. பிறகு கண்ணாடியால் பார். ஆறு கை, அந்தக் கையில் கிளை, கிளையில் இன்னும் கிளை. நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாக அடுக்கப்படுவதால் எப்போதும் ஆறுதான். ஐந்தோ எட்டோ வராது. மேகத்தில் குளிர் -5 பாகை அளவில் இருந்தால் ஊசியும் தூணுமாக விழும், -15 பாகை அளவில் இருந்தால் பெரிய நட்சத்திரமாக விழும். ஆகவே நீ வெறுக்கும் அந்தக் கடும் குளிர் நாட்கள்தான் இதற்கு நல்ல நாட்கள். வெர்மொண்ட் மாநிலத்தில் வில்சன் பென்ற்லி என்று ஒரு கமக்காரர் இருந்தார். 1885இல் கமராவை நுணுக்குக்காட்டியோடு பொருத்தி ஒரு ஸ்நோத் துகளின் முதல் படத்தை எடுத்தார். 1931இல் சாகும்வரை ஐயாயிரத்துக்கு மேல் எடுத்துவிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது குளிரான ஒரு கொட்டிலும் பொறுமையும்தான்.

இருட்டைப் பற்றியும் சொன்னாய். உண்மைதான், ரொறொன்ரோவில் இந்த மாதக் கடைசியில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை, ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். ஆனால் வெள்ளி பார்க்கக் கோடையில் பத்து மணிவரை முழித்திருக்க வேண்டும். இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பார்க்கலாம். தெளிந்த இரவில் எட்டு மணிக்குத் தென்கிழக்கைப் பார். மேலே கொத்தாக நிற்பது கார்த்திகை, அதற்குக் கீழே செம்மஞ்சளாக ரோகிணி, இன்னும் கீழே ஒரே வரிசையில் மூன்று வெள்ளி, அதன் இடப்பக்கம் சிவந்து நிற்பது திருவாதிரை. திருவெம்பாவைக்கு விடிய எழும்பிக் கோயிலுக்குப் போனாயே, அதே மார்கழித் திருவாதிரைதான். ஊரில் நடுச்சாமத்தில் அந்த மூன்று வெள்ளியும் உச்சிக்குக் கிட்ட நிற்கும். இங்கே தெற்கு வானில் பாதி உயரம்தான் ஏறும். எவ்வளவு தூரம் வடக்கே வந்திருக்கிறாய் என்று அது உனக்குக் காட்டும். அம்மாவிடம் சொல்லு, அவளும் அங்கே வெளியில் வந்து பார்க்கட்டும்.

ஸ்கேற்றிங் பழகப் பயம் என்றால், ஸ்காபரோ சிவிக் சென்ரருக்கு வெளியே அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்தில் மாநகராட்சியின் திடல் இருக்கிறது, காசு வாங்குவதில்லை. சப்பாத்தின் நாடாவை விரல் பக்கம் கொஞ்சம் தளர்த்தியும் கணுக்கால் பக்கம் இறுக்கியும் கட்டு. முழங்காலை மடக்கி, காலைப் பார்க்காமல் முன்னால் பார். விழப்போகிறாய் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழு. பின்பக்கமாக மட்டும் வேண்டாம். ஹெல்மெற் கட்டாயம் போடு. அங்கே நாலு வயதுப் பிள்ளைகள் உன்னைக் கடந்து ஓடுவார்கள், ஓடட்டும். ஏரி, குளம் உறைந்து கிடந்தாலும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது.

உடுப்பில் மட்டும் சிக்கனம் பிடிக்காதே. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்து குளிரும். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு. மற்றதற்கெல்லாம் முதலில் காசு செலவழிக்காதே. இரவல் வாங்கு, பிடித்தால் பிறகு வாங்கலாம். வாசிக்க வேண்டுமானால் நூலக அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும். பின்னல் வேலைக்கு நூலும் ஊசியும் பார்சலில் இருக்கிறது, பேஸ்மன்றில் தனிய இருந்து பின்னாதே, ஆட்களோடு இருந்து பின்னு.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லு. நித்திரை கூடி, சாப்பாடு பிடிக்காமல், ஒன்றிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது பொழுதுபோக்கால் தீராது. குளிர்கால மனச்சோர்வு என்பது மருத்துவர்கள் அறிந்த நோய். என்னிடம் சொல்லு, குடும்ப வைத்தியரிடமும் போ. லீவு நாளில் மத்தியான வெளிச்சத்தில் அரை மணித்தியாலமாவது நட.

பெப்ரவரியில் ஃபமிலி டே நீண்ட வார இறுதிக்கு இங்கே வா. ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீற்றர் நீளத்துக்குச் சனம் சறுக்கிப் போவதை நீ பார்க்க வேண்டும். ஐஸ் முப்பது சென்ரிமீற்றர் அளவுக்குத் தடித்தால்தான் திறப்பார்கள். 2023இல் குளிர் போதாமல் முதல் தடவையாக அது திறக்கவே இல்லை. அந்த வருடம் இந்த ஊரே கவலைப்பட்டது. இந்த முறை திறப்பார்களா என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் பஸ் ரிக்கெற்றை இப்போதே போட்டுவிடு, பிறகு விலை ஏறும். கம்பளிச் சொக்ஸ் இரண்டு சோடி கொண்டு வா. அதற்கு முதல், அன்னத்தின் இலக்கம் கிடைத்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா