பனிக்கடல் மீனின் குடல்

நுழையும்முன்

குடலில் வாழும் நுண்ணுயிர்களின்றி விலங்குகள் வாழ இயலுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இவ்வினா துருவக் கடல்வரை சென்றது. அங்குக் கிடைத்த விடைகளையும், உறைகுளிரில் வாழும் மீனுக்கும் அதன் குடல்வாழ் பாக்டீரியாக்களுக்கும் உள்ள உறவையும் இப்பாடம் விளக்குகிறது.

வெறுமையாகத் தோன்றிய குடல்

வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் பகுதி விலங்குகளை ஆராய்ந்தவர் லெவின். அவற்றுள் பெரும்பாலானவற்றின் குடலில் பாக்டீரியாவே இல்லை என்று அவர் 1899இல் அறிவித்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், அண்டார்க்டிகாவின் பென்குவின்களை ஆராய்ந்த சீபர்த் ஒரு காரணத்தைக் கண்டார். அக்கடலில் பெருகும் ஃபியோசிஸ்டிஸ் என்னும் பாசியில் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் அக்ரிலிக் அமிலம் உள்ளது. பாசியைக் கிரில் என்னும் கூனி போன்ற சிற்றுயிர் உண்கிறது. கிரிலைப் பென்குவின் உண்கிறது. உணவே மருந்தாகிவிடுகிறது!

மீன்களின் குடலோ வெறுமையாக இல்லை. ஆயினும், அங்குள்ளவற்றைக் காண்பதற்குத் தனிப்பொறுமை வேண்டும். குளிரையே நாடும் பாக்டீரியாக்கள் 20° செல்சியஸுக்கு மேல் வளர்வதில்லை. மருத்துவ ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் 37° வெப்பத்தில் வைத்தால் அவை தென்படமாட்டா. கடலின் குளிரிலேயே நாள்கணக்கில், சிலபோது வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று அவற்றை வளர்க்காமலேயே, மரபணுவைப் படித்து இனங்காணும் முறையும் வந்துவிட்டது.

குளிர் நுழையும் வாயில்

உப்பு கலந்திருப்பதால் அண்டார்க்டிகக் கடல்நீர் ஏறத்தாழ –1.9° செல்சியஸில்தான் உறைகிறது. மீனின் குருதியில் உப்பு அதைவிடக் குறைவு. எனவே, கடலுக்கு முன்பே மீன் உறைந்துவிட வேண்டும். ஆனால், உறைவதில்லை. சர்க்கரை இணைந்த ஒருவகைப் புரதம் பனித்துகள்களின்மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் தடுக்கிறது. இதனை 1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் கண்டறிந்தார்.

மீன் கடல்நீரைக் குடிக்கும்போது பனித்துகளும் குடலுக்குள் செல்கிறது. ஆகவே, கணையமும் இப்புரதத்தைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. நோட்டோதெனியாய்டு என்னும் மீன்குழுவில் இப்புரதத்துக்கான மரபணு, செரிமான நொதியாகிய டிரிப்சினின் மூலப்பொருளை ஆக்கும் பழைய மரபணுவிலிருந்தே தோன்றியது என்பது 1997இல் தெரியவந்தது. உணவைச் செரிக்கவைத்த கருவியே காலப்போக்கில் உயிர்காக்கும் கவசமாயிற்று.

குடலின் குடிகள்

விப்ரியோ, ஃபோட்டோபாக்டீரியம், சைக்ரோபாக்டர் ஆகியன துருவக்கடல் மீன்களின் குடலில் காணப்படும் பாக்டீரியப் பேரினங்கள். விப்ரியோ என்றதும் காலரா நினைவுக்கு வரலாம். இவை அதன் உறவினங்களே, காலராக் கிருமிகள் அல்ல. இவ்வகைப் பாக்டீரியாக்களுள் பல, கிரிலின் ஓட்டிலுள்ள கைட்டினைச் சிதைக்க வல்லவை.

மீனின் உடல் கடலைப்போலவே குளிர்ந்திருப்பதால், உறைகுளிரைத் தாங்கும் சுமை குடல்வாழ் பாக்டீரியாக்களுக்கும் உண்டு. மார்கழிக் காலையில் நெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி என்பதே காரணம். குளிர்வாழ் பாக்டீரியாக்களும் தம் செல்சவ்வில் இத்தகைய கொழுப்பு அமிலங்களைக் கூட்டிக்கொள்கின்றன. சவ்வு இறுகிவிட்டால் உணவு உள்ளே வராது, கழிவும் வெளியேறாது. அவற்றின் நொதிகளும் குளிரில் விறைத்துப்போகாத நெகிழ்வுடன் அமைந்துள்ளன. அந்நெகிழ்வே வெப்பத்தில் அவற்றை எளிதில் குலைத்தும் விடுகிறது.

வெப்பம் ஏறினால்

மக்மர்டோ நீரிணைப்பகுதி மீன்கள் சில 6° செல்சியஸுக்கு மேல் உயிர்வாழா என்பதை 1967இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நமக்கு நடுக்கும் குளிராகத் தோன்றுவது அவற்றுக்குக் கொல்லும் வெப்பம்! அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரக் கடல் இப்போது வெப்பமடைந்து வருகிறது. தலைமுறைகள் விரைந்து மாறும் பாக்டீரியாக்களிடையே, வெப்பத்தைத் தாங்கும் இனங்கள் குளிரினங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அப்புதிய குடிகள் மீனுக்கு உதவுமா, நோய் தருமா என்பதே இன்று ஆராயப்பட வேண்டியது. மீனோ அவ்வளவு விரைவில் மாற இயலாதது. வெப்பக்கடல் மீன்கள் குளிர்தேடித் துருவத்தை நோக்கி நகரலாம். இம்மீன்கள் இன்னும் தெற்கே செல்ல வழியில்லை. அங்கே கடல் முடிந்து, பனி மூடிய நிலம் தொடங்கிவிடுகிறது.