நாற்பத்திரண்டு பேர், ஆறு குரல்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேர இசை ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 42 பிள்ளைகள். சரளி வரிசை தொடங்கினால், வெளியே பாட்டு கற்கும் ஆறு மாணவிகள் மட்டும் பாடுகிறார்கள். மற்றவர்கள் வாயசைக்கிறார்கள். பையன்கள் பின்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். காக்ளியர் கருவி பொருத்திய மாணவி ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு மாணவன் விடுமுறை நாளில் அப்பாவோடு பறையடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டு விசாரித்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்று சொல்லிவிட்டான். தலைமையாசிரியருக்குக் கலைத் திருவிழாவில் பரிசு வேண்டும். எனக்கோ எல்லோரும் பாட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சுருதியிலிருந்து தொடங்குங்கள் அம்மா. மனசு, ஆர்வம், ஒழுக்கம் எல்லாம் அப்புறம். நீங்கள் எந்தக் கட்டையில் பாடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலான பெண்களைப் போல 5 அல்லது 5½ கட்டை என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எட்டாம் வகுப்புப் பையன்களில் பலருக்கு அங்கே மேல் ஸட்ஜம் எட்டாது. சரி, ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடட்டும் என்றால் கீழே வெறும் காற்றுதான் வரும். பன்னிரண்டு வயதுக்கு மேல் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. எல்லாம் முடியும்போது குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கியிருக்கும். அதுவரை நடுவில் மாட்டிக்கொண்ட பையனுக்கு நாலைந்து ஸ்வரங்கள்தான் கைவசம். அதுவும் நேற்று வந்த ஸ்வரம் இன்று பிசிறடிக்கும். பெண்பிள்ளைகள் முன்னால் அப்படிப் பிசிறடித்து மானம் போவதைவிடச் சிரித்துவிடுவது மேல் என்று அவன் முடிவெடுத்தால், அதைச் சேட்டை என்று நான் சொல்லமாட்டேன். எட்டாத உயரத்துக்குக் கத்த வைப்பதுதான் கெடுதல். மெதுவாகப் பாடுவதால் ஒன்றும் ஆகாது.

ஆகவே 4½ கட்டைக்கு இறங்குங்கள். மத்திய ஸ்தாயியின் ச முதல் த வரை மட்டும் வைத்துக்கொண்டால் பையன்களில் பலருக்கும் எட்டும். அதுவும் எட்டாதவன் ஸட்ஜத்தை மட்டும் பிடித்து நிற்கட்டும். சுருதி கொடுப்பதும் பாட்டில் ஒரு வேலைதான், பிடிக்கத் தெரியாதவனுக்குக் கொடுத்த தண்டனையல்ல என்பதை அவனிடம் சொல்லியே கொடுங்கள்.

4½ கட்டை என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பள்ளியில் ஒரு கேஸியோ கீபோர்டு இருந்தால் அதில் 4½ கட்டையை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் கறுப்புக் கட்டைகளிலேயே விழும். வெள்ளைக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். சங்கீதம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையும் கறுப்பில் எதைத் தொட்டாலும் மோகனம்தான் பேசும். அரைஸ்வர இடைவெளியே இல்லாததால் இரண்டு பேர் சேர்ந்து வாசித்தாலும் காதைக் கடிக்காது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் குழந்தைகளுக்கான சைலஃபோனிலிருந்து சில பட்டைகளைக் கழற்றி வைத்ததும் இதற்காகத்தான்.

மோகனத்தை உங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்து மோகனம், திஸ்ர நடை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அது அவர்கள் காதில் ஊறியிருக்கிறது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, இசைத்தட்டு போடுவதைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்கிறது. எழுந்து நிற்பதிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கும் அளிக்கிறது. காலை வணக்கத்தில் அந்த ஆறு பேரையே மைக் முன்னால் நிறுத்தும் வழக்கம் உங்கள் பள்ளியிலும் இருந்தால், அதை முதலில் மாற்றுங்கள்.

வகுப்பில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு பிள்ளை வந்து கறுப்புக் கட்டைகளில் ஏதாவது நாலு ஸ்வரம் வாசிக்கட்டும், வகுப்பு அதைத் திருப்பிப் பாடட்டும். நீங்களும் கூட்டத்தோடு சேர்ந்து பாடுங்கள். ஆளுக்குப் பதினைந்து விநாடி என்றால் 42 பேருக்கும் பத்து நிமிடம் சொச்சம். குரு பாட சிஷ்யர் பாடும் முறை இங்கே தலைகீழாகிறது. வாய் திறக்காத பிள்ளை விரலால் பேசிவிடும், அதை நாற்பது பேர் வாங்கிப் பாடுவார்கள். சில வாரம் பழகியபின், அதே கறுப்புக் கட்டைகளில் ஸட்ஜத்தை இடம் மாற்றுங்கள். அடுத்த கறுப்பை ச என்று வைத்தால் மத்யமாவதி, அதற்கடுத்ததில் இந்தோளம், பிறகு சுத்த சாவேரி, சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று கச்சேரி மேடையில் கைதட்டல் வாங்கும் சங்கதியை எட்டாம் வகுப்பு சிரித்துக்கொண்டே செய்துவிடும்.

சரளி வரிசைக்கு நான் எதிரியில்லை. தினமும் குருவின் எதிரே உட்காரும் பிள்ளைக்கு மாயாமாளவகௌளையில் தொடங்குவது நல்ல அஸ்திவாரம். வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைக்கும் வகுப்பில் அதையே முதல் வாசலாக வைத்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் மட்டும்தான் உள்ளே இருப்பார்கள்.

பாட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்பதை லண்டன் ஆய்வாளர் லூசி கிரீன் இங்கிலாந்துப் பள்ளிகளில் செய்து பார்த்து 2008இல் புத்தகமாக எழுதினார். நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து தங்களுக்குப் பிடித்த பாட்டைக் காதால் கேட்டே பிரித்தெடுத்து வாசிப்பது அவர் முறை. நம் ஊர் மெல்லிசைக் குழுக்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் கற்கிறார்கள். செய்து பாருங்கள். ஆனால் ப்ளூடூத் ஸ்பீக்கரில் குத்துப் பாட்டு ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பதை மாணவர் மையக் கல்வி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ஆசிரியருக்கு ஓய்வு, வேறொன்றுமில்லை. குழுக்களுக்கு இடையே நடந்துகொண்டே, "இந்த இடத்தில் ஸ்வரம் ஏறுதா, இறங்குதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பது சரளி வரிசை நடத்துவதைவிடக் கூடுதல் வேலை.

பறையடிக்கும் மாணவனை வகுப்பு முன்னால் கேட்டீர்களா, தனியாகவா? முன்னால் கேட்டிருந்தால் அந்தப் பதிலைத்தான் எவரும் எதிர்பார்க்க வேண்டும். பறை என்று ஒப்புக்கொள்வது ஊரில் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அவனை மறுபடி கேட்காதீர்கள். கருவியைக் கேளுங்கள். 2025இல் பத்மஸ்ரீ பெற்ற மதுரை வேலு ஆசான் வாசிக்கும் காணொளியைப் போட்டு, ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் இன்னொன்றில் மெல்லிய சிண்டுக்குச்சியும் எப்படி வெவ்வேறு வேலை செய்கின்றன என்று மிருதங்கத்தை விளக்கும் அதே மரியாதையோடு விளக்குங்கள். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதையும் சொல்லுங்கள். சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி என்று அடிகளின் பெயர்களைப் பலகையில் எழுதுங்கள். எல்லோரும் பெஞ்சில் இரண்டு பென்சிலால் தட்டட்டும். நீங்கள் தவறாகத் தட்டும் இடத்தில் அவனாகவே திருத்தினால் சரி. திருத்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள். பறை வாசிப்பதா வேண்டாமா என்பது அவன் முடிவு. அவனுடைய சாதியை வகுப்புக்குக் காட்சிப் பொருளாக்க நமக்கு உரிமையில்லை.

காக்ளியர் பொருத்திய மாணவியைப் பற்றி. அந்தக் கருவி தாளத்தையும் கால அளவையும் நன்றாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்வரத்தின் உயரத்தைத்தான் சரியாகச் சேர்க்காது. ஆகவே 'காது கேட்காத பிள்ளைக்கு இசை எதற்கு' என்பதும் தப்பு, 'கருவிதான் இருக்கிறதே, பாடு' என்பதும் தப்பு. தகிட தகிட என்று திஸ்ரம் தட்டும் குழுவில் சேருங்கள். ஆனால் நாற்பது பேர் பெஞ்சைத் தட்டும் அறை அவளுக்கு இரைச்சல் கிடங்காகிவிடும். உங்கள் முகமும் கையும் தெரியும் இடத்தில் உட்காரவைத்து, குழுவைச் சிறிதாக்கி, எது தொந்தரவாக இருக்கிறது என்று அவளிடமே கேளுங்கள். தெரியாவிட்டால் பெற்றோரிடம் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தபின் உலகப் புகழ்பெற்ற தாளவாத்தியக் கலைஞராகி, அதிர்வை உணர வெறுங்காலோடு மேடையேறுபவர். அவர் கதை உங்களுக்குத் தெம்பு தரும். அந்தப் பிள்ளையிடம் 'அவரைப் பார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்கு உலகப் புகழ் வேண்டாம், வகுப்பில் ஓர் இடம் வேண்டும்.

கலைத் திருவிழாவுக்கு விருப்பப்பட்டவர்களை வைத்து மதிய இடைவேளையிலோ மாலையிலோ தனியாகப் பயிற்சி கொடுங்கள். பாடவேளையைத் தேர்வுக்களம் ஆக்காமல் இருக்க இது ஒன்றுதான் வழி. தலைமையாசிரியரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

அந்த ஆறு மாணவிகளை மறந்துவிடாதீர்கள். மற்றவர்கள் மேலேறும்வரை அவர்களைச் சும்மா வைத்திருந்தால் அடுத்த மாதம் அவர்களுக்குச் சலித்துவிடும், வீட்டிலிருந்து புகாரும் வரும். அவர்களுக்குக் கடினமான வேலை கொடுங்கள்: கீபோர்டில் வேறொரு பிள்ளை வாசித்ததை அந்தக் கணமே காதால் பிடித்துப் பலகையில் ஸ்வரமாக எழுதச் சொல்லுங்கள். பாட்டு வாத்தியாரிடம் பாடம் கேட்டுப் பழகிய பிள்ளைகள் பலர் இதில் தடுமாறுவார்கள். முதல் வாரம் கொஞ்சம் முணுமுணுப்பும் இருக்கும்.