டேட்டிங் அக்கவுண்ட் முடக்கப்பட்டதா? நம்பக் கூடாத ஐந்து

டிண்டர், ஹிஞ்ச், பம்பிள் போன்ற டேட்டிங் அப்ளிகேஷன்களைப் பலர் பயன்படுத்தி வருகின்றனர். ஒரு நாள் அதனைத் திறக்கும்போது, "உங்கள் அக்கவுண்ட் தடை செய்யப்பட்டுள்ளது" என்ற செய்தி கிடைத்தால் பதற்றம் ஏற்படுவது இயற்கை. டேட்டிங் அப்ளிகேஷன் என்பதால் வீட்டிலோ நண்பர்களிடமோ யோசனை கேட்கவும் கூச்சம். இந்தக் கூச்சத்தைக் காசாக்கும் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. எனவே, இது குறித்த தவறான எண்ணங்களை இங்கு பார்க்கலாம்.

முதலில் பிரச்னை என்னவென்று உறுதி செய்து கொள்ளுங்கள். போன் எண் மாறியதால் ஓ.டி.பி. வராமல் போவது, பதிந்த இமெயில் முகவரி மறந்து போவது ஆகியவை லாக் இன் பிரச்னைகள். இவற்றை நிறுவனத்தின் உதவிப் பக்கத்தின் மூலம் சரி செய்திடலாம். தடை என்பது வேறு. திரையில் வரும் செய்தியை முழுமையாகப் படித்து, ஸ்கிரீன் ஷாட் எடுத்து வைக்கவும்.

1. நீக்கிவிட்டு மீண்டும் பதிந்தால் சரியாகிவிடும்: ஆகாது. உங்கள் அக்கவுண்ட்டும், தடை குறித்த பதிவும் நிறுவனத்தின் சர்வரில் உள்ளன. போனையே முழுமையாக ரீசெட் செய்தாலும் அந்தப் பதிவு அழியாது.

2. புதிய சிம், புதிய இமெயில் போதும்: தடை செய்யப்பட்டவர் இன்னொரு அக்கவுண்ட் தொடங்குவதே விதிமீறல். டிண்டர் 2025ல் இந்தியா உட்படச் சில நாடுகளில், புதிய உறுப்பினர்கள் வீடியோ செல்பி எடுத்துத் தரும் முகச் சோதனையைக் கொண்டு வந்தது. ஒரே முகம் பல அக்கவுண்ட்களில் உள்ளதா என்பதும் இதில் பார்க்கப்படுகிறது. சிம்மை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாதே!

3. வேறு அப்ளிகேஷனுக்கு மாறிவிடலாம்: டிண்டர், ஹிஞ்ச், ஓகே க்யூபிட் மூன்றும் மேட்ச் குரூப் என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் கிடைத்த தடை மற்றவற்றிலும் தொடரலாம். பம்பிள் தனி நிறுவனம்.

4. தடை வந்தால் சந்தாவும் தானாக நின்றுவிடும்: அப்படி நம்பி இருக்க வேண்டாம். அப்ளிகேஷனை நீக்குவதால் சந்தா ரத்தாகாது. ஆண்ட்ராய்ட் போனில் கூகுள் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தில் தட்டி, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பிரிவில் ரத்து செய்திடவும். ஐபோனில் செட்டிங்ஸ் சென்று, உங்கள் பெயரில் தட்டினால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பிரிவு கிடைக்கும்.

5. பணம் கொடுத்தால் மீட்டுத் தருவார்கள்: இதுதான் மிகவும் ஆபத்தானது. நிறுவனத்தின் சர்வரில் உள்ள முடிவை வெளியாள் மாற்ற முடியாது. இவர்கள் முதலில் கட்டணம் கேட்பார்கள், பின் ஓ.டி.பி., அடையாள அட்டை, புகைப்படம் கேட்பார்கள். கொடுத்தால், அவற்றை வைத்தே மிரட்டவும் கூடும். பணம் இழந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும். புகார் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை.

சரியான வழி என்ன?

தடைச் செய்தியிலோ, உதவிப் பக்கத்திலோ மேல்முறையீடு செய்ய வழி தரப்பட்டிருந்தால் அதனையே பயன்படுத்தவும். பதிந்த போன் எண், இமெயில், தடை வந்த நாள், தவறு நடந்ததாக நீங்கள் கருதும் காரணம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதவும். கோபமும் மிரட்டலும் உதவாது. ஒரே கடிதத்தைப் பலமுறை அனுப்புவதாலும் பயனில்லை.

பதில் திருப்தி தரவில்லை என்றால், நிறுவனம் இந்தியாவிற்கென நியமித்துள்ள குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். அவர் முடிவும் சரியில்லை எனில், மத்திய அரசு 2023 ஜனவரியில் அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம், முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் இன்டர்நெட் வழியாக முறையிடலாம்.

இத்தனைக்குப் பின்னும் அக்கவுண்ட் கிடைக்காமல் போகலாம். தொல்லை கொடுப்பவர்களிடமிருந்து மற்ற உறுப்பினர்களைக் காக்கவே இந்தத் தடை ஏற்பாடு. தவறாக உங்கள் மீது பாய்ந்திருந்தால் நியாயம் கேளுங்கள். ஆனால், ஓர் அக்கவுண்ட்டை மீட்கப் போய், ஓ.டி.பி.யையும் பணத்தையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.