அரண்மனையில்லாத அரண்மனைக்காரத் தெரு

ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் பழைய வரலாற்றைப் பொதிந்து வைத்த பேழைகளாகும். நம் பிள்ளைச்சாவடியையே காண்க. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்குமிடம். வழிச்செல்வோர் அகன்றாலும் பெயர் தங்கிவிட்டது. இவ்வாறே, வந்து தங்கிச் சென்ற ஓர் இனத்தாரின் நினைவைச் சுமந்து நிற்பது, சென்னை ஜார்ஜ் டவுனிலுள்ள அரண்மனைக்காரத் தெரு. ஆங்குத் தேடினும் அரண்மனை காணக்கிடையாது. ‘ஆர்மேனியன்’ என்னும் அயற்சொல்லே தமிழர் நாவில் ‘அரண்மனைக்காரன்’ எனத் திரிந்தது என்பர். பொருள் விளங்காத சொல்லைத் தாமறிந்த சொல்லின் சாயலில் வழங்குதல் மக்கள் இயல்பன்றோ?

ஆர்மேனியர் காக்கசஸ் மலைப்பகுதியைச் சார்ந்தவர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்து மார்க்கத்தை அரசமதமாக ஏற்றவர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்னும் துறவி அவர்தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பா நகரத்தாரை வேரோடு பெயர்த்து இஸ்பகானின் அருகே குடியேற்றினார். அங்கெழுந்த புது ஜுல்பாவிலிருந்தே வணிகர் பலர் சென்னைக்குப் போந்தனர்.

அவருள் தலைசிறந்தவர் பெட்ரூஸ் உஸ்கான். இவர் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் தம் பொருளால் பாலம் சமைத்தார்; பரங்கிமலைமீது ஏறுதற்குப் படிகளும் அமைத்தார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, புதுவையில் வந்து குடியேறுமாறு இவரை அழைத்தனர். இவர் இணங்காது தம் உடைமைகளை இழந்தார். பாலமிருந்த இடத்தில் இன்று மறைமலையடிகள் பெயர்பூண்ட பாலம் நிற்கின்றது. உஸ்கான் பெயர் கல்வெட்டில் எஞ்சியுள்ளது.

பாலத்தினும் வியப்பானது அவர்கள் செய்த மொழிப்பணி. தெருவிலுள்ள ஆர்மேனியக் கோயில் கட்டப்பெற்ற 1772-ஆம் ஆண்டிலேயே, ஷாஹாமீர் ஷாஹாமீரியன் என்னும் வணிகரின் அச்சகத்தில் ஆர்மேனிய நூல் அச்சேறியது. விடுதலை பெறப்போகும் ஆர்மேனியாவுக்கென ஓர் அரசியற் சட்டமும் அவ்வச்சகத்தினின்றே வெளிவந்தது. நாடிழந்தோர், நாட்டைப் பெறுமுன்னரே அதற்குச் சட்டம் வகுத்தனர்!

1794 அக்டோபரில், ஷிராஸ் நகரினின்று வந்த ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்னும் குருவானவர் ‘அஸ்தரார்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். ‘அறிவிப்போன்’ என்பது அப்பெயரின் பொருள். உலகில் ஆர்மேனிய மொழியில் தோன்றிய முதல் பத்திரிகை இதுவே. பிறந்த இடமோ தமிழ்நிலம்! பதினெட்டு இதழ்களோடு 1796-இல் அது நின்றது. ஆயினும் ஆர்மேனியப் பத்திரிகை வரலாறு அதனின்றே தொடங்குகின்றது. மைந்தர் இருவரை இழந்த துயரைத் தாங்கி உழைத்த அக்குருவானவர் 1824-இல் மறைந்து, அக்கோயில் வளாகத்திலேயே துயில்கின்றார்.

இன்று சென்னையில் நிலையாக வாழும் ஆர்மேனியச் சமூகம் இல்லை. கல்கத்தா ஆர்மேனியரே அக்கோயிலைப் பேணி வருகின்றனர்.

இவ்வரலாறு நமக்கு எற்றுக்கு எனின், நாமும் கடல்கடந்து சென்ற மக்களே என்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவையினின்றும் காரைக்காலினின்றும் கூலியாட்களாய் ரெயூனியன் தீவுக்குக் கப்பலேறியோர் பலர். அவர்தம் வழியினரிடம் தமிழ்ப்பெயர்களும் திருவிழாக்களும் உள. வீட்டுமொழியாய்த் தமிழ் இல்லை. ஆர்மேனிய வணிகரிடம் இருந்த பொருளும் ஓய்வும் அக்கூலியாட்களுக்கு வாய்த்தில. ஆதலின் அவர்மீது குறைகூறல் தகாது. ஆயின், கல்வியும் அச்சும் கைவரப்பெற்ற நாம் அவ்வாறு சாக்குச் சொல்லல் இயலாது. எங்கே வாழினும் ஒரு திங்களிதழேனும் தாய்மொழியில் நடத்துவார் உளராயின், அம்மொழி அங்கே வேரூன்றும்.

நிற்க. அத்தெருவின் பெயர் பிழையென்று அதனை மாற்றவேண்டுவதில்லை. அயலாரை நம்மவர் தம் நாவிற்கேற்ப அழைத்த பெயர் அது. அதனை வழங்குங்கால், அது குறிப்பது எந்த அரசனையும் அன்று, ஆர்மேனியரையே என்று அறிந்து வழங்குவோமாக.