நாட்காட்டிக்கு நாள் அனுப்புவது எப்படி?



நம் ஊர் வீடுகளில் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் எழுந்ததும் அதன் தாளை யார் கிழிப்பது என்று உடன்பிறந்தாரோடு சண்டையிட்டவர்கள்தாம் நாம். தாளின் ஓரத்தில் எரிவாயு உருளை வந்த நாளையும், பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளையும் அம்மா குறித்து வைத்திருப்பார்கள். வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து வடநாட்டில் படிக்கும் நமக்கு இன்று அந்த வேலையைக் கைப்பேசியில் உள்ள நாட்காட்டி செய்கிறது. அது மணியடித்தால் எழுகிறோம். அது நினைவூட்டினால் வகுப்புக்கு ஓடுகிறோம்.

நம் சங்கத்துக்கு ஒரு வலைச்செயலி உண்டு என்பது உறுப்பினர் அனைவரும் அறிந்ததே. கூட்டம், நாடக ஒத்திகை, கிரிக்கெட் போட்டி, ஊருக்குச் செல்வோர்க்கான பேருந்து ஆகிய எல்லாம் அதில் பட்டியலாக இருக்கின்றன. அப்பட்டியலைப் பார்த்து நாளையும் மணியையும் ஒவ்வொருவரும் கையால் எழுதிக்கொள்ளாமல், ஒரு பொத்தானை அழுத்தியவுடன் அவை தாமே கைப்பேசி நாட்காட்டிக்குப் போய்ச் சேருமாறு செய்யலாம். இதனையே நாட்காட்டி ஏற்றுமதி என்கிறோம். 2025ஆம் ஆண்டில் இவ்வசதியை நம் செயலியில் சேர்த்தவன் நான். அதில் ஒரு பெரும்பிழை செய்தவனும் நானே. அப்பிழையிலிருந்து தொடங்கினால் பாடம் நன்கு விளங்கும். ஆதலால் வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அதையே முதலில் கூறுகிறேன்.

பன்னிரண்டு மணிப் பேருந்து

அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 20ஆம் நாள் வந்தது. 17ஆம் நாள் காலை 6.30 மணிக்கு விடுதி வாயிலிலிருந்து இரயில் நிலையத்துக்குச் சங்கத்தின் பேருந்து புறப்படுவதாக ஏற்பாடு. பழைய மாணவர்கள் மெஸ் வாயிலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டார்கள். புதிதாக வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் மட்டும், அதற்கு இரண்டு நாள் முன்பு நான் வெளியிட்ட பொத்தானை அழுத்தி, பேருந்து நேரத்தைத் தம் கைப்பேசியில் சேர்த்துக்கொண்டார்.

காலையில் பேருந்து புறப்பட்டது. அவர் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், மணி அடித்து ஓய்ந்தது. முன்னிரவு நெடுநேரம் பெட்டி கட்டிவிட்டு அயர்ந்து உறங்கியிருக்கிறார். பதினொன்றரை மணிக்குப் பெட்டியும் கையுமாக வாயிலுக்கு வந்து நின்று, எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

"அண்ணா, காலண்டர்ல பன்னிரண்டு மணின்னுதானே இருக்கு? ஒருத்தரையும் காணோமே?"

நான் அப்போது ஓடும் இரயிலில் இருந்தேன். தீபாவளி நெரிசலில் அவருக்கு வேறு வண்டியில் இடம் கிடைக்கவில்லை. அவருடைய அக்காவுக்கு அது தலைதீபாவளி. மாப்பிள்ளையை வரவேற்க வேண்டிய ஒரே தம்பி, ஆளற்ற விடுதியில் தங்கிவிட்டார். திரும்பி வந்தபின் என்னை அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது.

பிழை ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. கோப்பில் 6.30 என்ற நேரத்தின் பின்னால் 'இசட்' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்திருந்தேன். எங்கோ பார்த்த மாதிரிக் கோப்பில் அவ்வெழுத்து இருந்தது. பொருள் அறியாமல் நானும் போட்டேன். 'இது உலகப் பொது நேரம்' என்பது அதன் பொருள். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே கைப்பேசி அந்த ஐந்தரை மணியைக் கூட்டிப் பகல் 12.00 என்று காட்டியது. கைப்பேசியின் கணக்கில் குற்றமில்லை. நான் கொடுத்த நேரமே தவறு.

ஐகேலண்டர் என்னும் பொதுமொழி

ஒரு நிறுவனத்தின் நாட்காட்டி எழுதியதை மற்றொரு நிறுவனத்தின் நாட்காட்டி படிக்க வேண்டுமானால் பொதுமொழி ஒன்று தேவை. ஆப்பிள், ஐபிஎம் முதலிய நிறுவனங்கள் சேர்ந்த வெர்சிட் என்னும் கூட்டமைப்பு 1996இல் வீகேலண்டர் என்ற அமைப்பை வெளியிட்டது. அதன் வழியில் 1998இல் ஐகேலண்டர் என்னும் இணையத் தரம் பிறந்தது. அது 2009இல் திருத்தப்பெற்று, ஆர்எஃப்சி 5545 என்ற எண்ணுடன் வழங்குகிறது. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்களின் நாட்காட்டிகள் யாவும் இம்மொழியைப் படிக்கும். இக்கோப்பின் பெயர் 'ஐசிஎஸ்' என்னும் மூன்றெழுத்தில் முடியும்.

இது வெறும் எழுத்துக் கோப்புதான். திறந்தால் நாமே படிக்கலாம். அதில் வரும் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுவது வழக்கம். இங்கே அவற்றைத் தமிழ் ஒலியில் தருகிறேன்.

கோப்பை ஓர் உறையாகவும், உள்ளே இருக்கும் நிகழ்ச்சிகளைக் கடிதங்களாகவும் கருதலாம். உறைக்கு வீகேலண்டர் என்று பெயர். அதன்மேல் 'வெர்ஷன்' 2.0 என்பதும், கோப்பை ஆக்கிய மென்பொருள் எது என்று கூறும் 'ப்ராட்ஐடி'யும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கடிதமும் ஒரு வீஈவென்ட். நிகழ்ச்சியின் தொடக்கம் 'டிடிஸ்டார்ட்', முடிவு 'டிடிஎண்ட்', தலைப்பு 'சம்மரி', இடம் 'லொகேஷன்'. இவற்றுடன் 'யுஐடி' என்னும் அடையாளமும், 'டிடிஸ்டாம்ப்' என்னும் எழுதிய நேரமும் கட்டாயம் வேண்டும்.

இதைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் கோப்பு திறந்துகொண்டது என்பதாலேயே வேலை முடிந்தது என்று எண்ணியதால்தான் நான் கெட்டேன். செய்பவர்க்கு மூன்று கடமைகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் கடமை: எந்த ஊர் மணி?

'ஆறரை மணி' என்பது முழுமையான செய்தியன்று. எந்த ஊர் ஆறரை என்பதும் வேண்டும். இக்குழப்பம் நம் நாட்டுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய இரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. அது கிரீன்விச் நேரத்தைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது. கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் உள்ளூர் நேரத்தை வைத்திருந்தன. கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட ஐந்தரை மணிக் கணக்கு 1906இல்தான் வந்தது. நாடு முழுதும் ஒரே நேரத்தில் பழகிவிட்ட நாம், எந்த ஊர் மணி என்று கேட்கும் வழக்கத்தையே மறந்துவிட்டோம். கணினி அதை மறப்பதில்லை.

ஐகேலண்டரில் நேரத்தை எழுத நான்கு வழிகள் உள்ளன.

ஒன்று, உலகப் பொது நேரமாக மாற்றி, பின்னால் 'இசட்' சேர்ப்பது. நம் பேருந்துக்கு 6.30இலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து, 1.00 என்று எழுதி 'இசட்' இட்டிருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் நடக்கும் நிகழ்ச்சிக்கு இதுவே எளிய வழி.

இரண்டு, உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதி, 'ஆசியா/கொல்கத்தா' என்று நேரவட்டத்தின் பெயரைக் குறிப்பது. இப்படிக் குறித்தால் அவ்வட்டத்தின் விளக்கத்தையும் 'வீடைம்சோன்' என்ற பகுதியாக அதே கோப்பில் வைக்க வேண்டும். வாரந்தோறும் நடக்கும் நிகழ்ச்சிக்கு இவ்வழியே சிறந்தது. காரணம் கேளுங்கள். திங்கட்கிழமை காலை 5 மணிக்கு உடற்பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். உலகப் பொது நேரப்படி அது ஞாயிறு இரவு 11.30. அந்நேரத்தை எழுதிவிட்டு, 'ஆர்ரூல்' என்னும் மீள்விதியில் 'திங்கள்தோறும்' என்று கூறினால், பயிற்சி செவ்வாய்க்கிழமைக்கு ஓடிவிடும்.

மூன்று, எந்த வட்டமும் குறிக்காமல் நேரத்தை மட்டும் எழுதுவது. படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அவ்வூர் மணியாக அது கொள்ளப்படும். 'காலை 7 மணிக்கு மருந்து' என்பது போன்ற குறிப்புக்கு இது பொருந்தும், பேருந்துக்குப் பொருந்தாது.

நான்கு, மணியே இல்லாமல் நாளை மட்டும் எழுதுவது. விழா நாட்களுக்கு இது ஏற்றது. இங்கு ஒரு வழுக்குநிலம் உண்டு. முடிவு நாளாக எழுதப்படும் நாள் கணக்கில் சேராது. சனவரி 14, 15, 16 ஆகிய மூன்று நாளும் பொங்கல் விழா என்றால், முடிவு நாள் 17 என்று எழுத வேண்டும். 16 என்று எழுதினால் ஒரு நாள் விழா குறைந்துபோகும்.

தீபாவளியை 'ஆண்டுதோறும் அக்டோபர் 20' என்று மீள்விதியால் எழுதுவாரும் உளர். அது தவறு. தீபாவளி திதியைப் பொறுத்து நகர்வது. ஒவ்வோர் ஆண்டின் நாளையும் பஞ்சாங்கம் பார்த்துத் தனித்தனியே எழுதுதலே முறை.

இரண்டாம் கடமை: மாறாத அடையாளம்

ஒரு நிகழ்ச்சியின் 'யுஐடி' நம் கல்லூரிப் பதிவெண் போன்றது. மாணவர் விடுதி மாறலாம், அறை மாறலாம்; பதிவெண் மாறாது. அதுபோல் நிகழ்ச்சியின் நேரமும் இடமும் மாறினாலும் அடையாளம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அப்போதுதான், 'ஏற்கெனவே என்னிடம் உள்ள ஒத்திகைதான் இது. நேரம் மாறியிருக்கிறது' என்று நாட்காட்டி அறிந்துகொள்ளும்.

என் முதற் செயலி, பொத்தானை அழுத்தும்போதெல்லாம் புதிய அடையாளம் ஒன்றை ஆக்கிக் கொடுத்தது. இருமுறை அழுத்தியவரின் நாட்காட்டியில் ஒரே கூட்டம் இரண்டாக நின்றது. இதற்கு மருந்து எளிது. தரவுத்தளத்தில் நிகழ்ச்சி பதிவாகும்போதே அடையாளத்தையும் ஆக்கிச் சேமித்துவிட வேண்டும். பிறகு எத்தனை முறை ஏற்றுமதி செய்தாலும் அதையே எழுத வேண்டும்.

மூன்றாம் கடமை: திருத்தம் போய்ச் சேர்தல்

பேருந்து நேரம் தவறு என்று இரவே எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? வலைச்செயலியில் திருத்தியிருப்பேன். அந்தத் தம்பியின் கைப்பேசியில் அத்திருத்தம் போய்ச் சேர்ந்திராது. ஏனெனில் அவர் பெற்றது ஒரு படி மட்டுமே. பதிவிறக்கிய கோப்பு, அஞ்சலில் போட்ட கடிதம் போன்றது. கையை விட்டுப் போயிற்று.

இதற்காகவே சந்தா முறை உள்ளது. கோப்பைக் கொடுக்காமல், கோப்பு இருக்கும் முகவரியைக் கொடுக்கிறோம். நாட்காட்டி அம்முகவரிக்கு அவ்வப்போது தானே வந்து புதிய பட்டியலை எடுத்துச் செல்லும். நிகழ்ச்சி மாறினால் 'சீக்வென்ஸ்' எண்ணை ஒன்று கூட்டி எழுத வேண்டும். நிகழ்ச்சி கைவிடப்பட்டால், அதன் 'ஸ்டேட்டஸ்' என்னும் நிலையை 'கேன்சல்ட்' என்று மாற்றுவதோடு, தலைப்பின் முன்னால் 'ரத்து' என்றும் எழுதுவது நல்லது. நிலையைக் கவனியாத நாட்காட்டியும் தலைப்பைக் காட்டும் அன்றோ?

ஆயினும் சந்தாவை முற்றும் நம்பிவிடக் கூடாது. எப்போது வந்து எடுப்பது என்பதை நாட்காட்டியே முடிவு செய்கிறது. சிலவற்றில் பல மணி நேரம் ஆகும். ஆகவே கடைசி நேர மாற்றத்தை மெஸ் வாயிலிலும் எழுதுங்கள். வாட்ஸப் குழுவிலும் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒருவர் பதிவு செய்த நிகழ்ச்சிகளை மட்டும் தரும் தனிச் சந்தாவானால், அதன் முகவரி எவராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக்கோவையாக இருக்க வேண்டும். நாட்காட்டி நம் செயலியில் கடவுச்சொல் கொடுத்து நுழைவதில்லை. முகவரியே அதற்குச் சாவி. சாவி தொலைந்தால் மாற்றிக்கொள்ளவும் வழி செய்துவைக்க வேண்டும்.

தமிழ் எழுத்தும் 75 பைட்டும்

தமிழில் தலைப்பு எழுத விரும்பும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐகேலண்டர் வரி ஒன்று 75 பைட்டுக்கு மிகலாகாது. மிகுந்தால் மடித்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. 'பொங்கல்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கோ ஏழு குறியீடு, 21 பைட்டு. எழுத்தை எண்ணி மடித்தால் வரி நீண்டுவிடும். பைட்டை மட்டும் எண்ணி வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவே கத்தி விழுந்து, சில நாட்காட்டிகளில் சிதைந்த குறிகள் தோன்றும். பைட்டை எண்ணுக; ஆனால் எழுத்தின் எல்லையில் வெட்டுக. இடத்தின் பெயரில் காற்புள்ளியோ அரைப்புள்ளியோ வந்தால், அதன் முன் ஒரு பின்சாய்கோடு இடவும் மறவாதீர்.

இவ்வேலைகளைச் செய்து தரும் ஆயத்த நிரல்தொகுப்புகள் பல மொழிகளில் உண்டு. பைத்தானில் 'ஐகேலண்டர்' என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. ஆனால் 6.30 எந்த ஊர் மணி என்பதை எந்தத் தொகுப்பும் நமக்காக அறிந்து கூறாது.

சோதித்த பின்னரே வெளியிடுக

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஒரு நிகழ்ச்சியை ஏற்றுமதி செய்து, மூன்று வெவ்வேறு நாட்காட்டிகளில் திறந்து, தலைப்பை விட்டுவிட்டு மணியை முதலில் பார்க்கிறேன். பிறகு கைப்பேசியின் நேரத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுகிறேன். நம் 6.30 அங்கே 9.00 என்று காட்ட வேண்டும். காட்டினால் கோப்பு சரி. அதன்பின் நிகழ்ச்சியின் நேரத்தை மாற்றி மீண்டும் சேர்க்கிறேன். பழையது திருந்த வேண்டுமே தவிர, புதியதாக மற்றொன்று முளைக்கக் கூடாது.

இச்சோதனைகளை இப்போது என்னுடன் இருந்து செய்பவர், தீபாவளிக்கு ஊர் செல்லாத அந்தத் தம்பியேதான். நான் எதைக் காட்டினாலும், "அண்ணா, இது எந்த ஊர் மணி?" என்று கேட்டுவிட்டுத்தான் கணினியைத் தொடுகிறார். தேர்வு அட்டவணையையும் நூலக நேரத்தையும் இதே முறையில் ஏற்றுமதி செய்ய எண்ணியிருக்கிறோம். நிரல் எழுதத் தெரிந்தவர் வந்து உதவலாம். தெரியாதவரும் வரலாம், கைப்பேசியில் மணி பார்க்கத் தெரிந்தால் போதும்.